ஒட்டவைத்த ஜாடி

மாரோ தீவு, தென் கரோலினா
ஞாயிறு, 6 மார்ச் 1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

எவலினா எழுதுகிறேன். நானும் ஜூலியஸும் சுகம். பிள்ளையும் சுகம். இரண்டைப் பறிகொடுத்த வயிறு என்பதால் இது தங்குமோ தங்காதோ என்று இத்தனை நாள் பெயர் வைக்காமல் இருந்தேன். இப்போது கன்னம் உப்பிவிட்டது. முகம் பார்த்துச் சிரிக்கிறான். அதனால் துணிந்து வைத்துவிட்டோம். உன்னைப் போலவே திங்கட்கிழமை பிறந்தவன், எனவே உன் கூடைப் பெயர்தான்: கோஜோ. ஊருக்கான பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புல்கூடையில் கிடக்கும்போதே வீட்டார் வைக்கிற பெயர்தானே உடம்போடு ஒட்டுகிறது. உன்னை அப்படிக் கூப்பிட அம்மா ஒருத்திதான் இருந்தாள். அவள் போன பிறகு பெயர் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். கோபம் இல்லையே?

போன ஞாயிறு நீ வந்தபோதே இதைச் சொல்ல இருந்தேன். நீ வாசலிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, படகு போய்விடும் என்று ஓடிவிட்டாய். உனக்காக இறாலும் வெண்டைக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தேன். வழக்கு நடத்துகிற வக்கீலுக்குச் சோறு இறங்காது என்று ஜூலியஸ் உனக்காகப் பரிந்து பேசினார். போகட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். இன்று ஜெபவீட்டிலிருந்து திரும்பும்போது ஓடைக்கரைக் கல்லறைப் பக்கம் போனேன். அம்மாவுக்கு வைத்த விளக்கு இருக்கிறது. தலைமாட்டில் வைத்து உடைத்த நீல ஜாடியைக் காணோம். உடைந்த துண்டுகளில் ஒன்றுகூட இல்லை. கல்லறையில் வைத்ததை நம் ஆட்கள் யாரும் தொடமாட்டார்கள், உனக்குத் தெரியும். அன்று நீ கையில் ஒரு கோணிப்பையோடு படகு ஏறினாய் என்கிறார் ஜூலியஸ். சிப்பி வாங்கிப் போகிறாய் என்று நினைத்தாராம்.

அண்ணா, நீயா எடுத்தாய்?

உன் தங்கை,
எவலினா


ஹால்வே நகரம்
9 மார்ச் 1927

என் அருமைத் தங்கச்சிக்கு,

கோபமா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். பெயரை வைத்துக்கொள்ளட்டும். நல்ல பெயர், அதிகம் தேயவில்லை.

ஜாடியை எடுத்தவன் நான்தான். உன்னிடம் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டாய், அதனால் சொல்லவில்லை. முழுக்கதையையும் கேட்டுவிட்டுத் திட்டு.

வேட்டைக் கிளப்புக்காரர்கள் நம் ஓடைக்கரையில் படகுத்துறை கட்டக் கோல் நட்டிருப்பதை நீயே பார்த்தாய். போன மாதம் கோர்ட்டில் அவர்கள் வக்கீல் எழுந்து, அங்கே கல்லறையே கிடையாது என்றார். ஒரு கல் உண்டா, ஒரு சிலுவை உண்டா, இருப்பதெல்லாம் கறுப்பர்கள் கொண்டுபோய்க் கொட்டிய ஓட்டைச் சட்டியும் உடைந்த விளக்கும்தான், குப்பைமேட்டுக்கு எவனாவது உரிமை கொண்டாடுவானா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. நம் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிற இடம், எவலினா.

திங்களன்று என் முறை வந்தது. ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தேன். எல்லாத் துண்டுகளையும் மீன் பசையால் நானே ஒட்டியிருந்தேன். ஒரு சில்லுகூடக் குறையவில்லை. "குப்பை என்றால் வேறெங்கோ உடைந்து, பாதி தொலைந்து, மீதிதான் வந்து விழும். இது வைத்த இடத்திலேயே, அடிப்பாகத்தில், ஒரே அடியில் உடைக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகு ஒரு கைகூடத் தொடவில்லை. இப்படி யாராவது குப்பை கொட்டுவார்களா?" என்று கேட்டேன். நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜாடியை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மற்றபடி எல்லாம் பழைய கதைதான். வக்கீல்கள் மேஜையில் எனக்கு மட்டும் நாற்காலி போடமாட்டார்கள். ஜூலியஸ் செய்துகொடுத்த மடக்கு நாற்காலியைச் சுமந்துகொண்டுதான் படியேறுகிறேன். இந்த மாவட்டத்தில் நம் நிறத்தில் வக்கீல் சன்னது வாங்கிய முதல் ஆள், முதுகில் நாற்காலியோடு வருவது அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. நம் ஆட்களை மிஸ்டர் போடாமல் வெறும் பெயரால் கூப்பிடுவதுதான் அவர்கள் வழக்கம்; என்னிடம் அதற்கும் வழியில்லை. அப்பா எனக்கு ஈ. எம். என்று இரண்டே எழுத்தை வைத்த புண்ணியம். "அதுக்கு விரிவு என்ன?" என்று பழைய நீதிபதி கேட்டதும், "அவ்வளவுதான் ஐயா" என்று நான் சொன்னதும் இன்னும் நினைவிருக்கிறது. "பையா" என்றால் நான் திரும்புவதில்லை. அதற்காக அபராதம்கூடக் கட்டியிருக்கிறேன். வக்கீல் கேப்பர்ஸ் என்றால்தான் எழுந்திருப்பேன்.

பிள்ளையை முத்தமிடு.

அண்ணன்,
ஈ. எம். கேப்பர்ஸ்


மாரோ தீவு
13 மார்ச் 1927

அண்ணா,

எடுத்ததைக்கூட மன்னித்துவிடுவேன். ஒட்டவா வைத்தாய்?

படிப்பு ஏறினால் இதெல்லாம் மறந்துவிடுமா? செத்தவர் கடைசியாகப் பயன்படுத்திய பொருளைத் தலைமாட்டில் வைத்து எதற்காக உடைக்கிறோம்? உடைத்தால்தான் சங்கிலி அறும். முழுசாக இருந்தால் வீட்டு ஆட்களை ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஹேகர் அத்தை, புருஷனின் பூப்போட்ட தட்டை உடைக்க மனசு வராமல் அப்படியே வைத்தாள். அடுத்த அறுவடைக்குள் இரண்டு மகன்களும் போனார்கள். அந்தப் பெட்டிகளுக்கு நீயும்தானே தோள் கொடுத்தாய்?

அம்மாவின் ஜாடியை உடைத்தவள் நான். நீ வேறொரு ஊர் கோர்ட்டில் இருந்தாய், குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவள் எப்படிப் போனாள் என்பதை நான் உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. "கோஜோ, எங்கடா இருக்கே? தண்ணி எடுத்தாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஜாடித் தண்ணீரை நான்தான் வாயில் ஊற்றினேன். விழுங்கவில்லை. என் கையை வேண்டாமென்று தள்ளினாள். உன்னைக் கூப்பிட்டபடியே போனாள். அப்படிப் போனவளுக்கு அரைகுறையாக விடக்கூடாது என்றுதான் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தேன்.

இப்போது அதை நீ முழுசாக்கிவிட்டாய்.

கோர்ட்டில் காட்டியாகிவிட்டதல்லவா? தயவுசெய்து எடுத்து உடைத்துவிடு. இரண்டு நாளாகப் பிள்ளை சாயங்காலமானால் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறான். அங்கே யாரும் இல்லை.

எவலினா


ஹால்வே நகரம்
18 மார்ச் 1927

என் அருமைத் தங்கச்சிக்கு,

எல்லாக் குழந்தைகளும் வெறும் வாசலைப் பார்த்துச் சிரிக்கும். நீயும் சிரித்தாய், நான்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

ஜாடி இப்போது என்னுடையதல்ல. அது சான்றுப்பொருள். கோர்ட் குமாஸ்தாவின் அறையில் பூட்டிக் கிடக்கிறது. சான்றுப்பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் வழக்கு போகும், என் சன்னதும் போகும். அதைப் பிடுங்கத்தான் இவர்கள் பல வருஷமாக வழி தேடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் நம் சனம் முழுவதற்கும் சேர்த்து அந்த ஒரு காகிதம்தான் இருக்கிறது. நான் போய்விட்டால் அடுத்தவன் வர எத்தனை காலம் ஆகுமோ. அம்மாவுக்கு இது புரியும். உனக்கும் புரிய வேண்டும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன், பயப்படாதே. குமாஸ்தா பிளாண்டன் நேற்று என்னை வழிமறித்தான். வழக்கமாக என் காகிதத்தைக்கூடக் கையிலிருந்து வாங்காமல் மேஜையில் வைக்கச் சொல்கிறவன்.

"ஏய் வக்கீல், உன் ஜாடி ஒழுகுது."

"காலி ஜாடி எப்படி ஐயா ஒழுகும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. காலையில பார்த்தா காலி. மத்தியானம் கழுத்துவரைக்கும் தண்ணி. சாயங்காலம் மறுபடி காலி. யாருய்யா விளையாடறது?"

நான் போய்ப் பார்த்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. பழைய கூரை, மழைத் தண்ணீராக இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். மழைத் தண்ணீர் உப்புக் கரிக்காது என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் தலையாட்டினான்.

தீர்ப்பு மாத முடிவில். பொறுத்துக்கொள்.

அண்ணன்,
ஈ. எம். கேப்பர்ஸ்


மாரோ தீவு
22 மார்ச் 1927

அண்ணா,

மத்தியானம் ஏறிச் சாயங்காலம் வற்றுகிறது என்று எழுதினாயே, அது நம் ஓடையில் இந்த நாட்களின் ஏற்றமும் வற்றமும். ஜூலியஸ் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து, ஆவி நுழையாமல் தடுக்கிற நீலச் சாயத்தோடு வந்து கதவுக்கும் ஜன்னலுக்கும் இரண்டாவது பூச்சு பூசினார். ஒன்றும் பயனில்லை.

இப்போது குரலும் கேட்கிறது. தண்ணீர் ஏறும்போது ஓடைப் பக்கமிருந்து வருகிறது. அம்மா கிணற்றடியில் நின்று நம்மைக் கூப்பிடுவாளே, கடைசி எழுத்தை இழுத்து, அதே மாதிரி: "கோஜோ..." நான் கையிலிருந்த அரிசியைக் கீழே போட்டுவிட்டேன். அண்ணா, அவள் உன்னைத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் இந்த வீட்டில் அந்தப் பெயருக்குத் திரும்புகிறவன் இவன்தானே. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும், வேறு பெயரா கிடைக்கவில்லை எனக்கு?

அவளுக்குப் பதில் கிடைக்கிறவரை கூப்பிடுவாள். பதில் சொன்னவனைக் கூட்டிக்கொண்டு அடங்குவாள். பெரியவர்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். இது பச்சைக் குழந்தை. பெயரைச் சொன்னால் ஊ கொட்ட இப்போதுதான் பழகியிருக்கிறான். குரல் வரும்போதெல்லாம் நான் அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் விரலுக்குள்ளேயே உதட்டை அசைக்கிறான். பால் குடிப்பதில்லை. உதட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது.

இரண்டைக் குழியில் வைத்துவிட்டு இவனைப் பெற்றேன். உன் சன்னது பெரிதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. இதைவிடப் பெரிதா? பதில் எழுது. எழுதாவிட்டால் நானே படகேறி வந்து அந்தக் கோர்ட்டில் உன் ஜாடியை உடைப்பேன்.

எவலினா


ஹால்வே நகரம்
26 மார்ச் 1927

எவலினா,

நீ வராதே. நீ கை வைத்தால் உன்னைச் சிறையில் போடுவார்கள், பிள்ளையோடு யார் இருப்பது?

உன் கடிதம் வந்த அன்றே நீதிபதியின் அறைக்குப் போனேன். ஜாடியைத் திருப்பித் தர வேண்டும் என்று மனு கொடுத்தேன். "எதுக்கு?" என்றார். "இறந்தவர்களின் பொருள் ஐயா, இருந்த இடத்துக்கே போகணும்." "தீர்ப்பு வரட்டும், அப்பீல் காலம் முடியட்டும்." அது கோடை வரைக்கும். "அதுவரைக்கும் தாங்காது ஐயா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். எது தாங்காது என்று கேட்டார். மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் இனி உன்னைக் கேலி செய்யப்போவதில்லை. எனக்கும் கேட்டது. பட்டப்பகலில், படிக்கட்டில் ஆட்கள் போய்வந்துகொண்டிருக்கும்போது, குமாஸ்தாவின் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து. முதலில் பயம் வரவில்லை, எவலினா. அழுகைதான் வந்தது. அவள் போகும்போது நான் கேட்டிருக்க வேண்டிய குரல் அது. பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பிளாண்டன் வெளியே வந்து, "உள்ளே யாரும் இல்ல, நான் பார்த்துட்டேன்" என்றான். நான் அவனிடம் எதுவும் கேட்கவே இல்லை. அவன் உதடு வெளுத்திருந்தது.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தீர்ப்பு. அன்று தண்ணீர் எப்போது ஏறும் என்று படகுத்துறையில் விசாரித்துக்கொண்டேன். தீர்ப்பு வாசிக்கும்போது ஜாடி மேஜைமேல் இருக்கும். அன்று ஒருநாள் மட்டும் பிள்ளையின் வாயை நன்றாகப் பொத்திக்கொள். அவன் முந்திவிடக்கூடாது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஹால்வே நகரம்
வியாழன், 31 மார்ச் 1927

என் எவலினாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. ஜெயித்துவிட்டோம். ஓடைக்கரை கல்லறைதான் என்று கோர்ட் சொல்லிவிட்டது. அங்கே ஒரு கோல்கூட நடக்கூடாது. நம் ஆட்கள் மேல்மாடத்தில் நிறைந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, காலால் மட்டும் பலகையை மெல்லத் தட்டினார்கள். கட்டடமே மூச்சு விடுவது போல இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு ஒளிக்கக்கூடாது.

நீதிபதி பாதி வாசித்திருப்பார். ஜாடி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் வெளிப்பக்கம் வியர்க்கத் தொடங்கியது. ஒட்டின கோடுகளில் ஈரம் கசிந்தது. அப்புறம் கூப்பிட்டாள். எவ்வளவு களைத்த குரல். தண்ணீர் சுமந்து வந்து இறக்கி வைக்க முடியாமல் நிற்கிறவள் குரல். பிளாண்டன் பேனாவைக் கீழே போட்டான். வேறு யாரும் அசையவில்லை.

இந்தக் கோர்ட்டில் என்னை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதற்கும் நான் திரும்பினதில்லை என்பதுதான் என் கௌரவம். அங்கே உன் மடியில் அவன் உதடு அசையும் என்று நினைத்தேன். எழுந்துவிட்டேன். வாய்விட்டுச் சொன்னேன்: "இதோ இருக்கேம்மா. வந்துட்டேன்."

நீதிபதி நிமிர்ந்தார். "யார்கிட்ட பேசறீங்க?"

"என்னைக் கூப்பிட்டாங்க ஐயா."

"இங்க யாரும் கூப்பிடலையே." என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லைபோல. உக்காருங்க, மிஸ்டர் கேப்பர்ஸ்" என்றார்.

மிஸ்டர். அந்த ஒரு சொல்லுக்காகப் பதினைந்து வருஷம் நாற்காலி சுமந்திருக்கிறேன். அது வந்தபோது என் காதில் சரியாக ஏறவில்லை. காது நிறையத் தண்ணீர்ச் சத்தம்.

அதன் பிறகு குரல் இல்லை. ஜாடி காய்ந்துவிட்டது. பிளாண்டன் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான், ஒரு சொட்டு விழவில்லை. பிள்ளை பால் குடித்தானா? குடித்திருப்பான்.

எனக்கு ஒன்றுமில்லை. நாக்கில் கொஞ்சம் உப்பு. பாதம் சில்லிட்டிருக்கிறது. காலுறையை இரண்டு முறை மாற்றிவிட்டேன், மறுபடி நனைந்துவிடுகிறது. சனிக்கிழமைப் படகில் வரப் பார்க்கிறேன். அந்தக் குழம்பை வைத்திரு, இந்தத் தடவை உட்கார்ந்து சாப்பிடுவேன்.

அழாதே. அம்மா ஒரு தடவை கூப்பிட்டு நான் வரவில்லை. இரண்டாம் தடவையும் வராமல் இருக்க முடியுமா?

உன் அண்ணன்,
கோஜோ


மாரோ தீவு
ஞாயிறு, 10 ஏப்ரல் 1927

அன்புள்ள அண்ணாவுக்கு,

சனிக்கிழமைப் படகில்தான் வந்தாய். சொன்ன சொல் தவறவில்லை. குழம்பு வைத்திருந்தேன்.

அலுவலகக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாயாம். இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. உன்னைக் குளிப்பாட்டும்போது விரலிடுக்கில் ஓடைச் சேற்றைப் பார்த்தேன். ஜூலியஸும் பார்த்தார். யாரிடமும் சொல்லவில்லை.

ஜாடியும் உன்னோடு வந்தது. துறையில் வைத்துப் பிளாண்டன் என்கிறவன் துணியில் சுற்றி ஜூலியஸ் கையில் கொடுத்திருக்கிறான், மேஜைமேல் வைக்காமல் கையிலேயே. "இதை நான் குடுக்கல, நீ வாங்கல" என்றானாம். அம்மாவின் தலைமாட்டில் வைத்து உடைத்துவிட்டேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே உடைத்தேன்.

தீவு முழுக்க உனக்காக வந்தது. ஜெபவீடு கொள்ளவில்லை. பிள்ளையை உன் பெட்டிக்கு மேலாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கைமாற்றினோம், நீ அவனைத் தேடக்கூடாது என்று. நடுவில் வந்தபோது உன்னைக் குனிந்து பார்த்துச் சிரித்தான். தீர்ப்பு வந்த வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து பால் குடிக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியும். அவன் பெரியவனானதும் அவனுக்கும் சொல்வேன். கிளப்புக்காரர்கள் கோல்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாய். இனி எங்களுக்காக அந்தக் கோர்ட்டுப் படியேற யார் இருக்கிறார்கள்?

உன் மூக்குக்கண்ணாடியையும் மைக்கூட்டையும் தலைமாட்டில் வைத்தேன். நாற்காலியை ஜூலியஸ் வைத்தார். அவர் செய்தது, அவரே காலை முறித்தார், முறிக்கும்போது அழுதார். கண்ணாடியின் இரண்டு வில்லைகளும் உடைந்தன. மைக்கூட்டின் அடியைத் தட்டிவிட்டேன், மை எல்லாம் மண்ணில் இறங்கிவிட்டது. ஒன்றும் முழுசாக இல்லை, நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் எழுதி முடித்ததும் நான்காகக் கிழித்து மைக்கூட்டின்கீழ் வைத்துவிடுவேன்.

பிள்ளையின் கூடைப் பெயரை மாற்றிவிட்டோம். கோஜோ உன் பெயர், உன்னிடமே இருக்கட்டும். புதுப் பெயர் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். தப்பாக நினைக்காதே. உன்மேல் எனக்கு உயிர், ஆனால் இதை மட்டும் உனக்குச் சொல்லமாட்டேன்.

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்குத் தண்ணீர் கொடு. நீ யாரையும் கூப்பிடாதே.

உன் தங்கை,
எவலினா